பேட்டரிக்குப் பல் பிடித்துப் பார்த்தல்

மணப்பாறை மாட்டுச் சந்தையில் என் தாத்தா மாடு பிடிக்கும்போது முதலில் காலையும் திமிலையும் பார்க்கமாட்டார். கீழுதட்டை விலக்கிப் பல்லை எண்ணுவார். இரண்டு பல் என்றால் இரண்டு, இரண்டரை வயது. நான்கு, ஆறு என்று ஏறி எட்டும் முளைத்துவிட்டால் ‘கடை சேர்ந்தது’ என்று சொல்லிவிட்டு அடுத்த மாட்டுக்குப் போய்விடுவார். கடை சேர்ந்த மாட்டின் வயது அதற்குப் பிறகு தரகர் வாயில்தான் இருக்கிறது. தரகர் வாயில் எந்த மாடும் ஐந்து வயதைத் தாண்டியதில்லை.

2025 ஜூலையில் என் மைத்துனன் திருச்சியில் ஒரு பழைய கார் பார்த்தான். 2018 ஜூன் மாதத் தயாரிப்பு, சிறிய பெட்ரோல் வண்டி. எஞ்சின், டயர், ஏசி எல்லாம் பார்த்து முடிந்த பிறகு விற்பவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பெருமையாகச் சொன்னார்: “பேட்டரி போட்டு ஒரு வருடம்தான் ஆகிறது சார். வாரண்டி கார்டு கூட இருக்கிறது.” நான் குனிந்து பேட்டரியின் மூடியைத் துடைக்கத் தொடங்கினேன். மைத்துனனுக்குக் கூச்சம். “அத்தான், தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா?” என்றான். “தானம் இல்லை மாப்பிள்ளை, மூன்றே கால் லட்சம்” என்றேன்.

அன்று மதியமும் மறுநாள் காலையும் அந்தப் பேட்டரியின் வயதைத் தேடியதில் கழிந்தன. ஒரே பேட்டரிக்கு நான்கு வழிகள் நான்கு பதில்களைச் சொன்னபோதுதான், எந்த வழி எந்த முடிவுக்கு உதவும் என்பது எனக்கே தெளிவாகத் தெரிந்தது. பழைய கார் வாங்குகிறவர், புதுப் பேட்டரி வாங்குகிறவர், ஊருக்குக் கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து பார்க்கிறவர் ஆகிய மூவரும் ‘இதற்கு எத்தனை வயது?’ என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் அவர்கள் அறிய விரும்புவது மூன்று வெவ்வேறு விஷயங்கள்.

மூடியில் இருக்கும் எழுத்து

முதலில் மூடியில் பொறித்த குறியீடு. டயருக்கு இந்தத் தொல்லை கிடையாது. 2000ஆம் ஆண்டு முதல் உலகம் முழுவதும் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கின்றன. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இதே கணக்குதான். பேட்டரிக்கு அப்படி ஒரு பொது ஒழுங்கு வரவில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் வழக்கத்தில், தன் கிடங்குக்குப் புரியும்படி எழுதுகிறது. வாங்குகிறவனுக்குப் புரிய வேண்டும் என்ற கவலை பலருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

இருந்தாலும் பரவலான ஒரு முறை உண்டு. மாதத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து, ஆண்டுக்கு ஓர் எண். ‘ஏ’ ஜனவரி, ‘பி’ பிப்ரவரி என்று போய் ‘எல்’ டிசம்பரில் முடியும். ஆண்டுக்குக் கடைசி இலக்கம் மட்டும் இருக்கும். 2 என்றால் 2022. 2012ஆகவும் இருக்கலாமே என்று கேட்கலாம். பத்து வயதைத் தாண்டிய பேட்டரி உங்கள் வண்டியை ஸ்டார்ட் செய்யுமானால் அதை விற்காதீர்கள். இதில் ஒரு சின்னச் சிக்கலும் இருக்கிறது. ‘ஐ’ என்ற எழுத்து 1 போலத் தெரியும் என்பதால் சில கம்பெனிகள் அதைத் தாண்டிவிடுகின்றன. அந்தக் கணக்கில் டிசம்பர் ‘எம்’ ஆகிவிடும். அதனால் செப்டம்பருக்குப் பிந்தைய எழுத்துகளில் ஒரு மாதம் முன்பின்னாக இருக்கலாம். நம் தேவைக்கு அது பொருட்டில்லை.

எழுத்தே இல்லாமல் ஆண்டு, மாதம் என்று எண்களாகவே பொறிப்பவர்களும் உண்டு. ஐரோப்பாவின் பழைய கம்பெனி ஒன்று வைத்திருந்த முறைதான் எல்லாவற்றையும் விட வேடிக்கை: ஜனவரிக்கு 17, ஏப்ரலுக்கு 20, அடுத்து மே மாதத்துக்கு ஒரே தாவலில் 53. இதை அட்டவணை இல்லாமல் கண்டுபிடிக்க முயல்வது வீண். அந்த மாதிரி குறியீடு வந்தால் வரிசை எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்துக் கேட்பதே சுருக்கமான வழி.

பலர் ஏமாறும் இடம் வேறு. ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் ‘38பி20எல்’ என்று இருக்கும். அதைத் தேதி என்று நினைத்து 2020ஆம் ஆண்டுப் பேட்டரி என்று சண்டை போட்டவரை நான் பார்த்திருக்கிறேன். அது ஜப்பானிய அளவு முறை. 38 என்பது திறன் தரம், ‘பி’ என்பது அகலமும் உயரமும் சேர்ந்த வகை, 20 என்பது சென்டிமீட்டரில் நீளம், ‘எல்’ என்பது டெர்மினல், அதாவது கம்பி மாட்டும் முனை, எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. அதுபோலவே 35, 44, 65 என்று வரும் எண்கள் பெரும்பாலும் ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரி சேமிக்கும் மின்சாரத்தின் அளவு. தயாரிப்புக் குறியீடு இவற்றைவிடச் சிறியதாக, பார்க்கவே கூடாது என்பதுபோல எங்கோ மூலையில், பிளாஸ்டிக்கின் மேல் சூடாக அழுத்தியோ புள்ளி புள்ளியாகப் பொறித்தோ இருக்கும். ஸ்டிக்கரைக் கிழித்து வேறு ஒட்டலாம். பழைய பேட்டரியைக் கழுவி, சார்ஜ் போட்டு, புது ஸ்டிக்கர் ஒட்டி ‘ரீகண்டிஷன்’ என்று விற்பது பழைய வித்தை. மூடியில் பொறித்ததை அழித்தால் அழித்த தடம் தெரியும். அழித்த தடம் தெரிந்தால் அதுவே பதில்.

மைத்துனன் பார்த்த பேட்டரியில் டெர்மினல் ஓரத்தில், வெள்ளைப் பொடிக்கு அடியில், ‘கே2’ என்று ஆரம்பிக்கும் ஒரு வரி கிடைத்தது. நவம்பர் 2022, அல்லது ‘ஐ’ இல்லாத கணக்கில் அக்டோபர். ‘ஒரு வருடம்தான்’ என்ற பேட்டரிக்கு ஒரே நிமிடத்தில் இரண்டு வருடம் எட்டு மாதம் ஆகிவிட்டது.

இன்னொரு வித்தை எனக்கு ஒரு பிளாஸ்டிக் அச்சுத் தொழிலாளி சொல்லிக்கொடுத்தது. பேட்டரியின் கருப்புப் பெட்டியிலோ மூடியின் உட்புறத்திலோ கடிகாரம் போலச் சின்ன வட்டம் ஒன்று இருக்கும். சுற்றிலும் 1 முதல் 12 வரை, நடுவே ஆண்டின் இரண்டு இலக்கங்கள், ஒரு மாதத்தைக் காட்டும் அம்பு. அது பிளாஸ்டிக்கை வார்த்த தேதி. ஹெட்லைட்டின் பின்புறத்திலும் பம்பரின் உள்ளேயும் இதே வட்டத்தைப் பார்க்கலாம். பெட்டியை வார்த்த பிறகுதான் உள்ளே ஈயத்தட்டுகளை அடுக்க முடியும். ஆகவே பேட்டரி அந்தத் தேதியைவிட மூத்ததாக இருக்க வழியே இல்லை. நாங்கள் டார்ச் அடித்துப் பார்த்ததில் அம்பு 2022 செப்டம்பரில் நின்றது. மூடியில் இருந்த எழுத்தை நான் சரியாகத்தான் படித்திருக்கிறேன் என்று அதைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். எல்லாப் பேட்டரியிலும் இந்த வட்டம் கண்ணுக்கு எட்டும் இடத்தில் இருக்காது. அதற்காகப் பேட்டரியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்க வேண்டாம், ஆசிட் இருக்கிறது.

காகிதம் சொல்லும் வயது

அப்படியானால் விற்பவர் பொய் சொன்னாரா? வாரண்டி கார்டை வாங்கிப் பார்த்தேன். 2024 ஜூன் என்று கடை முத்திரை தெளிவாக இருந்தது. வரிசை எண்ணும் பொருந்தியது. மனிதர் பொய் சொல்லவில்லை. அந்தப் பேட்டரி பத்தொன்பது மாதங்கள் யாரோ ஒருவரின் கிடங்கிலோ அலமாரியிலோ கிடந்து, அதன்பிறகு விற்பனையாகியிருக்கிறது. வாங்கியவருக்கும் தெரியாது, வாங்கியவரிடம் வாங்கியவருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் பேட்டரி மற்றப் பொருள்களிலிருந்து வேறுபடுகிறது. அலமாரியில் கிடக்கும் மிக்ஸிக்கு வயதாவதில்லை. ஆசிட் ஊற்றி அடைத்து வரும் பேட்டரிக்கு அலமாரியிலும் வயதாகிறது, சில சமயம் வண்டியில் ஓடுவதைவிட வேகமாக. யாரும் தொடாமலே அதன் சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இறங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் விட்டால் தட்டுகளின் மேல் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். தினமும் ஓடும் வண்டியில் சல்பேட் உருவாவதும் கரைவதும் மாறி மாறி நடக்கும். கிடங்கில் கரைக்க யாரும் இல்லை. வெப்பமோ இதையெல்லாம் விரைவுபடுத்துகிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடும்போது உள்ளே நடக்கும் வேதி வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தொழிலில் உள்ள தோராயக் கணக்கு. தகரக் கூரை போட்ட கடைக்குள் ஒரு மே மாதம் என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கில் வீட்டு வாசலில் நின்ற வண்டிகளின் பேட்டரிகளுக்கு நேர்ந்ததும் இதுதான். வாங்கி ஒரு வருடம்கூட ஆகாதவை இரண்டு மாத ஓய்வில் படுத்துவிட்டன.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஆசிட் இல்லாமல் உலர்நிலையில் வந்து, விற்கும் நாளில் கடையில் ஆசிட் ஊற்றிச் சார்ஜ் போட்டுத் தரும் பேட்டரிகள் லாரி, டிராக்டர், சில இருசக்கர வாகனங்கள் ஆகியவற்றுக்கு இன்றும் வருகின்றன. அவற்றுக்கு உண்மையான பிறந்தநாள் ஆசிட் ஊற்றிய நாள். அங்கே பெட்டியில் பொறித்த தேதியைவிட பில்லில் உள்ள தேதியே பெரியது.

மற்றபடி வாரண்டி கார்டு என்பது பணக் கணக்கு. ‘24+24’ என்று எழுதியிருந்தால் முதல் 24 மாதங்களுக்குள் பழுதானால் இலவசமாக வேறு பேட்டரி. அடுத்த 24 மாதங்களில் பழுதானால் எஞ்சிய காலத்துக்கு ஏற்பத் தள்ளுபடி. சிறிய எழுத்தில் எழுதியிருப்பதை ஒரு முறையாவது படிப்பது நல்லது. முத்திரையிட்ட கார்டோ பதிவோ இல்லாவிட்டால், விற்ற தேதியை விட்டுவிட்டுத் தயாரித்த தேதியிலிருந்து எண்ணும் நிபந்தனை சில கம்பெனிகளிடம் இருக்கிறது. இப்போது பெரிய கம்பெனிகள் கடையிலேயே வரிசை எண்ணை ஸ்கேன் செய்து செல்பேசிக்கு வாரண்டியை அனுப்பிவிடுகின்றன. கார்டைத் தொலைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் வாரண்டி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதும் பேட்டரியில் உயிர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. மைத்துனனின் பேட்டரிக்குக் காகிதத்தில் ஒரு வயது, உடம்பில் இரண்டே முக்கால்.

ஆர்.சி. புத்தகமும் சாட்சி சொல்லும். அதில் வண்டி தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். பேட்டரிக் குறியீடு அதற்குச் சில வாரங்களோ ஓரிரு மாதங்களோ முந்தியதாக இருந்தால், அது கம்பெனியிலேயே வண்டியோடு வந்த பேட்டரி. ஆறேழு வயது வண்டியில் அப்படி இருந்தால் விற்பவர் என்ன சொன்னாலும் புதுப் பேட்டரிக்குப் பணம் எடுத்து வைத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் கார் பேட்டரி பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்தான் தாங்கும். ஏழு ஆண்டு ஓடியவை இல்லாமல் இல்லை. தொண்ணூறு வயதிலும் சைக்கிள் மிதிக்கும் தாத்தா தெருவுக்கு ஒருவர் இருப்பது போலத்தான் அது.

பேட்டரியின் தோற்றத்தைப் பார்த்து வயது சொல்வதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. டெர்மினலில் பூத்த வெள்ளை, பச்சைப் பொடி வயதைச் சொல்லாது. தளர்ந்த இணைப்பையோ வாயுக் கசிவையோ மிகைச் சார்ஜையோ சொல்லும். வெந்நீர் ஊற்றினால் பொடி போய்விடும், வயது போகாது. பக்கங்கள் உப்பியிருந்தால் மட்டும் கவனியுங்கள். அதற்கு வயது கேட்கவே வேண்டாம், மாற்றிவிட வேண்டும்.

நாடி பிடிக்கும் கருவிகள்

தேதி தெரிந்துவிட்டது. ஆனால் ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு பேட்டரிகளில் ஒன்று தினமும் நெடுஞ்சாலையில் ஓடியிருக்கும்; மற்றது வாரத்துக்கு ஒரு முறை கோயில் வாசல் வரை போய்வந்திருக்கும். வயது ஒன்று, உடம்பு வேறு. அதற்குத்தான் கருவிகள்.

என்னிடம் இருப்பது சில நூறு ரூபாய் மல்டிமீட்டர். வண்டியை இரவு முழுவதும் நிறுத்திவைத்து, காலையில் பானெட்டைத் திறந்து டெர்மினலில் வைத்தால் முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் அல்லது சற்று மேலே காட்டும். 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால், 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. ஓட்டி நிறுத்திய உடனே பார்த்தால் 12.8, 13 என்று பொய்யான செழிப்பு தெரியும். அது தட்டுகளின் மேற்பரப்பில் நிற்கும் சார்ஜ், சில மணி நேரத்தில் இறங்கிவிடும். பழைய கார் விற்பவர்கள் நீங்கள் வரும்போது எஞ்சினைச் சூடாகவே வைத்திருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. இதுவும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

மல்டிமீட்டரின் குறை என்னவென்றால், அது சார்ஜைச் சொல்கிறது, வயதைச் சொல்வதில்லை. தொட்டியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்ப்பது போல. தொட்டியில் முக்கால்வாசி சேறு படிந்திருந்தாலும் தண்ணீர் விளிம்பு வரை நிற்கத்தான் செய்யும். ஆகவே நின்ற வோல்டேஜோடு நிறுத்தாமல், யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லி அந்த இரண்டு வினாடிகளில் மீட்டரைப் பார்க்க வேண்டும். 9.6க்குக் கீழே விழுந்தால் சேறு கூடிவிட்டது என்று பொருள். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் நலமாக இருக்கிறது. இதைப் பார்க்காமல், ஆல்டர்னேட்டர் செய்த குற்றத்துக்கு நல்ல பேட்டரியைத் தூக்கிப் போட்டவர்கள் ஏராளம். 10.5 வோல்ட்டுக்கு அருகில் போய் நின்றுகொண்டு சார்ஜ் போட்டாலும் ஏறாத பேட்டரி என்றால் உள்ளே இருக்கும் ஆறு செல்களில் (தனித்தனி அறைகளில்) ஒன்று ஷார்ட் ஆகியிருக்கும்.

மறுநாள் காலையில் மைத்துனனின் பேட்டரி 12.48 காட்டியது. செல்ஃப் அடிக்கும்போது 10.3. மோசமில்லை.

பேட்டரிக் கடைகளில் இப்போது எல்லோரும் கையில் வைத்திருப்பது சின்ன டிஜிட்டல் டெஸ்டர். அது பேட்டரிக்குள் சிறு மின்துடிப்பு அனுப்பி, உள்ளே எவ்வளவு எளிதாக மின்சாரம் கடக்கிறது என்று அளந்து, அதிலிருந்து சி.சி.ஏ. என்ற எண்ணைக் கணக்கிடுகிறது. சி.சி.ஏ. என்பது மைனஸ் 18 டிகிரிக் குளிரில் 30 வினாடிகள் 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் தரக்கூடிய ஆம்பியர். மைனஸ் 18 டிகிரியில் திருச்சிக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எண் எங்கே பிறந்தால் என்ன, புதிதாக இருந்தபோது எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஒப்பிடலில்தான் ஓட்டை இருக்கிறது. பேட்டரியின் அசல் சி.சி.ஏ. எவ்வளவு என்று டெஸ்டருக்கு மனிதர்தான் சொல்ல வேண்டும். எங்கள் பேட்டரியைப் பார்த்த கடைப்பையன் முதலில் 300 என்று அழுத்தினான். அளவீடு 310 வந்தது. திரையில் பச்சை, நூற்றுக்கு நூற்று மூன்று! இரண்டே முக்கால் வயதில் பேட்டரி இளமை திரும்பியிருந்தது. ஸ்டிக்கரில் 360 என்று இருப்பதைக் காட்டினேன். மறுபடி அழுத்தினான். அதே 310தான், இப்போது எண்பத்தாறு சதவீதம். பச்சைதான், ஆனால் பச்சைக்கும் பச்சைக்கும் வித்தியாசம் இருக்கிறது. இதையே திருப்பிப் போட்டு, கூடுதல் எண்ணை அழுத்தினால் நல்ல பேட்டரியும் சிவப்பாகிவிடும். இலவசப் பரிசோதனை செய்து தருகிறவர் பேட்டரி விற்கிறவராகவும் இருந்தால், ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. பெரும்பாலான கடைக்காரர்கள் நேர்மையானவர்கள். இருந்தாலும் எந்த எண்ணை அழுத்துகிறார் என்று எட்டிப் பாருங்கள்.

டிஜிட்டல் டெஸ்டரைவிட எனக்குப் பழைய லோடு டெஸ்டர் மேல் மதிப்பு அதிகம். சி.சி.ஏ.யில் பாதி அளவு மின்சாரத்தைப் பதினைந்து வினாடிகள் உறிஞ்சி, அப்போதும் 9.6 வோல்ட் நிற்கிறதா என்று பார்க்கும். கம்பிச்சுருள் பழுக்கும், வாசனை வரும், பார்க்கவே பயமாக இருக்கும். இது ஊகிப்பதில்லை, வேலை வாங்கிப் பார்க்கிறது. பேட்டரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும் என்பதும், நைந்த பேட்டரி அந்தப் பதினைந்து வினாடிகளிலேயே உயிரை விட்டுவிடலாம் என்பதும் இதன் தொல்லைகள்.

மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டருக்கு இணையில்லை. ரப்பர்க் குமிழை அழுத்தி ஒவ்வொரு செல்லிலிருந்தும் ஆசிட்டை உறிஞ்சி அடர்த்தியைப் பார்ப்பது. 1.250 என்பதை ஒர்க்ஷாப்பில் ‘ஆயிரத்து இருநூற்று ஐம்பது’ என்றுதான் வாசிப்பார்கள். முழுச் சார்ஜில் 1250 முதல் 1280 வரை இருக்கும்; 1190 என்றால் பாதி. மற்ற எல்லாக் கருவிகளும் ஆறு செல்களையும் ஒரே ஆளாகப் பார்க்கின்றன. இது ஒவ்வொன்றையும் தனியாக விசாரிக்கிறது. ஐந்து செல்கள் 1250ஆகவும் ஒன்று 1180ஆகவும் இருந்தால் அந்த ஒன்றுதான் நாளை உங்களை நடுவழியில் நிறுத்தப்போகிறது. ஐம்பது புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பேட்டரியின் கதை முடிந்தது என்று கொள்ளலாம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் பீடி வேண்டாம். உள்ளிருந்து வருவது ஹைட்ரஜன்.

சீல் செய்த பேட்டரிகளில் மூடியில் ஒரு கண்ணாடிக் கண் இருக்கும். பச்சை என்றால் நல்லது, கருப்பு என்றால் சார்ஜ் தேவை, வெளிறியிருந்தால் ஆசிட் மட்டம் இறங்கிவிட்டது. அதுவும் ஹைட்ரோமீட்டர்தான், ஆனால் ஆறில் ஒரு செல்லை மட்டும் பார்க்கிறது. ஆறு பேர் இருக்கும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் காய்ச்சல் பார்த்துவிட்டு எல்லோரும் நலம் என்று சொல்வதை எவ்வளவு நம்புவீர்களோ அவ்வளவு நம்புங்கள்.

காதை விட்டுவிட்டேன். பழைய மெக்கானிக்குகள் செல்ஃப் மோட்டார் இழுக்கும் சத்தத்திலேயே பேட்டரியின் உடல்நிலையைச் சொல்லிவிடுவார்கள். டீசல் வண்டிகளில் இது நன்றாகவே பலிக்கும். அழுத்தம் அதிகம் என்பதால் பேட்டரி தளரத் தொடங்கியதுமே எஞ்சின் சுற்றுவது இழுவையாகக் கேட்கும். வாரக்கணக்கில் எச்சரிக்கை கிடைக்கும். சின்னப் பெட்ரோல் எஞ்சினைச் சுழற்றச் சிறிது மின்சாரமே போதும் என்பதால் அது கடைசி நாள் வரை சிரித்த முகமாக எழுந்துவிட்டு, ஒரு காலையில் ‘டிக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடும்.

எதை எங்கே நம்புவது

புதுப் பேட்டரி வாங்கப் போகும்போது எனக்குக் கருவி வேண்டாம், வாரண்டி கார்டும் அப்புறம்தான். மூடியில் பொறித்த மாதம் ஒன்றே போதும். மூன்று மாதத்துக்குள் என்றால் வாங்குவேன். ஆறு மாதம் வரை என்றால் மீட்டர் வைத்துப் பார்ப்பேன், 12.6க்குக் குறைந்தால் முழுச் சார்ஜ் போட்டுத் தரச் சொல்வேன், 12.4க்கும் கீழே என்றால் தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் ‘உள்ளே வேறு ஸ்டாக் இருக்கிறதா, அண்ணன்?’ என்று கேட்பேன். பெரும்பாலும் இருக்கும். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி சில்லறை விற்பனைக்கு வரும் பெட்டியின் மேல் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும். ஆனால் கடைக்காரர் பெட்டியைப் பிரித்து ஓரமாக வைத்துவிட்டுப் பேட்டரியை மட்டும் எடுத்து வருவதுதான் வழக்கம். பெட்டியையும் கேளுங்கள். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது அதன் விலையையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பேட்டரி எடையில் பாதிக்கு மேல் ஈயம், சும்மா வரவில்லை.

பழைய கார் வாங்கும்போது குறியீடும் ஆர்.சி.யும் முதலில், கருவி இரண்டாவது. இங்கே வயது என்பது பேரத்துக்கான ஆயுதம். டெஸ்டரின் பச்சையை வைத்துக்கொண்டு விற்பவர் பேசுவார். பொறித்த மாதத்தை வைத்துக்கொண்டு நீங்கள் பேசலாம். இரண்டே முக்கால் வயது என்று மூடியைக் காட்டியதும், புதுப் பேட்டரி விலையில் பாதியைக் காரின் விலையிலிருந்து குறைத்துக்கொள்ள அவர் ஒப்புக்கொண்டார். அவருக்கே அது புதிய செய்தி என்பதால் அதிகம் வாதாடவில்லை.

நீண்ட பயணத்துக்கு முன்னால் என்றால் வரிசை தலைகீழாகும். வயது மூன்றுக்குள் இருந்தால் செல்ஃப் அடிக்கும்போது விழும் வோல்டேஜும் ஒரு லோடு சோதனையும் போதும், தேதியை மறந்துவிடலாம். நான்கைத் தாண்டிய பேட்டரியாக இருந்தால் என் கணக்கு வேறு. சிவப்பு காட்டினால் டெஸ்டரை நம்புவேன், பச்சை காட்டினால் நம்பமாட்டேன். உள்ளே நேர்மின் தட்டின் சட்டம் அரித்து மெலிந்திருக்கும். ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தால் இணைப்பு விட்டுப்போகும். நேற்று வரை எண்பது சதவீதம் காட்டிய கருவிக்கு அது முன்கூட்டியே தெரியாது. கொடைக்கானல் கொண்டை ஊசி வளைவில் ஒரு முறை பாறாங்கல்லை டயருக்கு அடியில் வைத்துவிட்டு உதவிக்கு நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தப் பேட்டரிக்கு நாலரை வயது. கிளம்புவதற்கு மூன்று நாள் முன்புதான் கடையில் பச்சை வாங்கியிருந்தேன்.

இருசக்கர வாகனத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். கிக்கர் இருந்தால் பேட்டரி போனாலும் வீடு வந்துசேரலாம். கிக்கர் இல்லாத வண்டி என்றால் மூன்றாவது வருடம் முடிந்ததும் மாற்றிவிடுவேன், விலையும் குறைவு. மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இது வேறு உலகம். அங்கே பெரிய பேட்டரியின் நிலையை வண்டியின் கணினியே கணக்கிட்டு வைத்திருக்கிறது; ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல் ஒவ்வொரு மின்வாகனப் பேட்டரிக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட்டே கட்டாயமாகிறது. ஆனால் பெரும்பாலான மின்சாரக் கார்களிலும் கதவையும் திரையையும் எழுப்ப ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி தனியாக இருக்கிறது. அதற்குப் பாஸ்போர்ட் கிடையாது. மூடியைத் துடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கார் வாங்கிய அன்றே மைத்துனன் வெள்ளை பெயின்ட் பேனாவால் பேட்டரியின் பக்கத்தில் ‘நவ. 2022’ என்று பெரிதாக எழுதிவிட்டான். விலையில் குறைந்த பணம் அவன் மனைவியின் கைக்குப் போய், அங்கிருந்து வேறு எங்கோ போய்விட்டது. பேட்டரி மட்டும் இன்னும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வண்டியைக் கழுவி முடித்ததும் எனக்கு ஒரு செய்தி வரும்: “செல்ஃப் எடுத்துவிட்டது, அத்தான்.”

“2026 நவம்பர் வரட்டும், மாப்பிள்ளை” என்று பதில் அனுப்புவேன்.